பாலத்துக்கு வந்த வக்கீல்

பாலங்களின் பலத்தை அளப்பது நான் பார்த்துப் பார்த்தே கற்ற தொழில். ஓடைப்பட்டிக்குப் பக்கத்துப் பழைய பாலத்தின்மேல் மணல் லாரிகளை ஒரு நாள் முழுக்க நிறுத்திவிட்டு, பிறகு பாலத்தைவிட்டு இறக்கினோம். தொய்ந்த பாலம் பழைய இடத்துக்குத் திரும்பினால் அடியில் மாட்டிய டயல் கேஜ் என்ற அளவுமானியின் முள் காட்டிவிடும். திரும்பாவிட்டால் லாரிகளுக்குத் தடை.

ஒரு மணி நேரமாகியும் முள் பாதிதான் திரும்பியிருந்தது.

"தேறாதுன்னு எழுதிரலாம்யா," என்றார் பொறியாளர்.

"நாளைக் காலை வரைக்கும் பொறுக்கணும்னு விதியே இருக்கு சார்," என்றேன்.

கரையில் ஒரு திராட்சைத் தோட்டக்காரம்மா நின்றிருந்தார். பழம் பழுத்துவிட்டது, லாரி வந்தால்தான் சந்தைக்குப் போகும்.

"ஏய்யா, சுமைய எறக்குனா நானே செத்த நேரம் குனிஞ்சுதான் நிக்கேன். அதுக்கும் மூச்சு வாங்க நேரங் குடுங்க," என்றார்.

பொறியாளர் சிரித்துவிட்டார். "பாலத்துக்கு வக்கீலே வந்துட்டாகய்யா! சரி, இருந்து பாரு."

இருந்தேன். மணிக்கொருமுறை எண்ணைக் குறித்தேன். முள் நகர்ந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை கிட்டத்தட்ட முழுவதும் திரும்பியிருந்தது. பொறியாளர் பாலம் தேறியது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"போகலாமாய்யா?" என்று மேலிருந்து அந்த அம்மா கேட்டார்.

"போகலாம் ஆத்தா. மெதுவா வரச் சொல்லுங்க."

திராட்சை லாரி கடந்து முடிக்கும்வரை நான் கேஜிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.