ஆறு வாக்கியம்

தாயம்மாவுக்கு அறுபத்திரண்டு வயதில் கன்னடம் தேவைப்பட்டது. தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தமிழும் கொஞ்சம் தெலுங்குமாகக் காலத்தை ஓட்டியவளிடம் அதுவரை யார் கன்னடம் கேட்டார்கள்? இப்போது சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டைக் குடியிருப்பவர் பேருக்கே எழுதித் தருகிறார்களாம். ஆபீசில் போய் வீட்டில் யார் யார் என்று சொல்ல வேண்டும். புதிதாக வந்த குமாஸ்தாவுக்குத் தமிழ் சுத்தமாக வராது. அவள் கணவர் சின்னசாமிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இருபது வருஷம் சுரங்கத்தில் இறங்கி நெஞ்சில் கல்தூசி ஏறிய மனிதர், தெருமுனைக்குப் போக மூன்று இடத்தில் உட்கார வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியவதி போன மாதம் அதே ஆபீசில் ஆறே வாக்கியம் சொல்லிக் காரியத்தை முடித்தவள்.

"அர்த்தமெல்லாம் எதுக்குக்கா? நான் சொல்றத அப்டியே சொல்லுங்க," என்றாள்.

அவரைப் பேசவைத்து இருமவிடக் கூடாதென்று குழாயடியிலேயே எட்டு நாள் உருப்போட்டாள் தாயம்மா. குழந்தை தப்பும் தவறுமாகப் பேசியே மொழியைப் பிடித்துவிடும். வயதானவர்களுக்கு அந்தத் துணிச்சல் ஏது? முழுசாக விழுங்கத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். குமாஸ்தா நிமிர்ந்து இரக்கத்தோடு பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பார்வைகூட அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்திருந்த சின்னசாமியிடமும் ஒப்பித்துக் காட்டினாள். நான்காவது வாக்கியத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"இன்னொருவாட்டி சொல்லு."

"நன்ன கண்ட தீரிகொண்டரு."

"எம்புருஷன் செத்துட்டாருன்னு அர்த்தம். பாக்கியவதி அவ புருஷன் செத்த கதைய உனக்குச் சொல்லிக் குடுத்துக்கிறா." அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. "செத்தாச்சுன்னு எழுதிட்டாங்க இல்ல? நான்தான் அந்த ஷிப்டுக்கு லேட்டு."

தாயம்மா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாய் முகூர்த்தம் பலிக்கும் என்பார்கள். அர்த்தம் தெரியாமல் சொன்னேன் என்றால் விட்டுவிடுமா? சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் கஞ்சியைத் தொடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் மசியவில்லை.

"உயிரோட கீறாருன்னு சொல்ல கன்னடத்துல இன்னா?" என்று அவரையே கேட்டாள்.

"இத்தாரே," என்றார், இரண்டு மூச்சுக்கு நடுவில். அவள் அர்த்தம் தெரிந்து கற்ற முதல் கன்னடச் சொல் அதுதான்.

திங்கட்கிழமை பாக்கியவதியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பாக்கியவதி.

தாயம்மா அதைப் பைக்குள்ளேயே போட்டாள். குமாஸ்தாவின் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நன்ன கண்ட இத்தாரே," என்றாள்.

போன் நின்றது. மறுபடி அடித்தது.

"இத்தாரே சார். இத்தாரே. மொதல்ல எழுதுங்க."