கினுயோவின் முதல் அம்பு

கினுயோ எங்கள் ஊர் மினிபஸ்ஸின் ஓட்டுநர். மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் வீடுகளிலிருந்து வயதானவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போய்வருவாள். வண்டி தாமதமானால் பயணிகளிடம் ‘சுமிமசென்’ என்று மன்னிப்புக் கேட்பாள். பயணி தாமதமாக வந்தாலும் அவரிடம் ‘சுமிமசென்’ என்று அவளே சொல்வாள்.

புருஷன் யோஷியோ இறந்த பிறகு, ஐம்பது வயதில் துப்பாக்கி உரிமம் வாங்கி அவர் இருந்த ஊர் வேட்டைக்குழுவில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மலையிலேருந்து இறங்கி வரப்ப மட்டும் அந்த மனுஷன் மூஞ்சி தெளிவா இருக்கும். வாரம் பூரா என்கூடத்தான் இருந்தாரு, அந்த மூஞ்சி எனக்குக் கிடைக்கல. அங்க அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்னு போனேன்.”

போனவளை ஆண்கள் விரட்டவில்லை. ஆனால் ‘யோஷியோ வீட்டுக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாய்கள் விரட்டிவரும் மானுக்காகப் புருஷன் காத்து நின்ற காவலிடத்தையே கொடுத்தார்கள். பல குளிர்காலங்கள் நின்றும் ‘முதல் அம்பு’ மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை.

அம்பு எந்தக் காலத்திலோ போய்விட்டது. சொல் மட்டும் மிச்சமிருக்கிறது. ஒரு மானை இரண்டு பேர் சுட்டால், முதலில் ரத்தம் எடுத்தவருடையது அந்த மான். கறி எல்லோருக்கும் சமம், நாய்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தலையும், நெஞ்சைத் திறந்து இதயத்தை மலைத்தேவிக்கு வைக்கும் உரிமையும் முதல் அம்புக்கு. சுட்டவர் உடனே வாக்கி-டாக்கியில் ‘பட்டது’ அல்லது ‘தவறியது’ என்று சொல்லிவிட வேண்டும். ‘தவறியது’ என்றவர் மானைக் கைவிட்டவர். அதற்குப் பிறகு அது அடுத்தவருடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குழுவின் ஆற்றங்கரைக் கொட்டகையில் அவர்களுக்கான சூப்புக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். மேடை மேல் வைத்திருந்த வாக்கி-டாக்கியில் நாய்களின் குரைப்பு நெருங்கியது. ஒரு வெடி. அப்புறம் கினுயோவின் குரல்: “சுமிமசென்.”

“யோஷியோ வீட்டுக்காரி விட்டுட்டா! குரோகி, உங்க பக்கந்தான் வருது, பாத்துக்குங்க” என்றார் குழுத்தலைவர் நாசு.

இரண்டாவது வெடி. “பட்டது. விழுந்துடுச்சு” என்றார் குரோகி. ஆளாளுக்குப் பாராட்டு. கினுயோ எதுவும் பேசவில்லை. தலைவர் கூப்பிடாமல் காவலிடத்தைவிட்டு நகரக்கூடாது என்பதால், சுட்ட இடத்தைப் போய்ப் பார்க்கவும் அவளால் முடியவில்லை.

மானை இழுத்துவந்து கொட்டகைத் தரையில் போட்டார்கள். கிளைத்த கொம்புள்ள பெரிய ஆண்மான். குரோகிக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த வேட்டைப் பருவத்தில் அவருக்கும் ஒன்றும் விழுந்திருக்கவில்லை. கத்தியோடு உட்கார்ந்தார். நாய்க்காரன் கென் குழாய்த் தண்ணீரில் சேற்றைக் கழுவினான். பின்தொடையில் அவன் கை நின்றது.

“அண்ணே, இங்கயும் ஒரு ஓட்டை இருக்கு.”

சின்ன ஓட்டை. கழுத்தில் குரோகியின் குண்டு போட்ட ஓட்டைக்குள் கட்டைவிரல் போகும். இதில் சுண்டுவிரல்தான் போகும். குழுவில் சின்னக் குழல் துப்பாக்கி ஒருத்தியிடம்தான் இருந்தது. எல்லோரும் அவளைப் பார்க்க, அவள் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

குரோகி கத்தியைக் கீழே வைக்கவில்லை. “இருக்கட்டும். அவதான் வாயால தவறிடுச்சுன்னு சொல்லிட்டாளே.”

“எங்கண்ணே சொன்னாங்க? சுமிமசென்னுதானே சொன்னாங்க” என்றான் கென்.

“ரெண்டும் ஒண்ணுதான்டா.”

“ஒண்ணா? எங்க வீட்டுல பொண்டாட்டிக்கு நான் டீ போட்டுக் குடுத்தா சுமிமசென்னு வாங்கிக்கிறா. அப்ப டீ தவறிடுச்சா?”

“நீ டீ போடுற லட்சணத்துக்கு அது அனுதாபம்டா” என்றார் நாசு. கொட்டகையே சிரித்தது. கினுயோ மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சொல் என்னையும் நிறைய நாள் படுத்தியிருக்கிறது. மன்னிப்பும் அதுதான், நன்றியும் அதுதான், கொஞ்சம் வழிவிடுங்கள் என்பதும் அதுதான். வேறு நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷமாகியும், எதைச் சொன்னேன் என்று எதிராளி எடுத்துக்கொள்வாரோ என்று சொன்ன பிறகு பயப்படுவேன். இந்த ஊரிலேயே பிறந்தவளும் அதில் மாட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்ததில்லை.

நாசு சிரிப்பை நிறுத்தினார். “சொன்னவளையே கேட்டுடலாம். என்ன நினைச்சும்மா சொன்னே?”

இங்கே நான் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். ‘பரவாயில்லை, குரோகி-சானே எடுத்துக்கட்டும்’ என்று சொல்வதுதான் எங்கள் ஊர் மரியாதை. பஸ்ஸில் இருக்கும் கினுயோ அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

“பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். இடுப்பு ஒரு பக்கமாத் தணிஞ்சுதான் ஓடுச்சு.” “குரோகி-சானுக்கு நேரா இறங்கிட்டிருந்த மான். நடுவுல நான் கை வச்சுட்டேன். அதுக்காகச் சொன்ன சுமிமசென் அது. மானை நான் விடல.”

“அப்பவே ‘பட்டது’ன்னு சொல்றதுக்கு என்ன?” என்றார் குரோகி.

“வாய்ல முதல்ல அதான் வந்துச்சு. அப்புறம் நீங்க எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டீங்க.”

பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக, “இருந்தாலும் மலைத்தேவிக்குப் பொம்பளைங்கன்னா ஆகாதே... பொறாமைக்காரி” என்று இழுத்தார்.

“இந்தத் தொப்பியையும் ஆரஞ்சு உடுப்பையும் பாத்தா யாருக்குய்யா பொறாமை வரும்?” என்றான் கென்.

இந்த முறை கினுயோவும் சிரித்துவிட்டாள். நாசு மானைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “தவறுச்சுன்னு சொன்னாத்தான் விட்டதாக் கணக்கு. அவ சொல்லல. முதல் அம்பு கினுயோவோடது.”

குரோகி கொஞ்ச நேரம் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. பிறகு கத்தியின் பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

“தலை உன்னோடது. நீ சுட்டுக் கெடுத்த தொடைக் கறியும் உன் பங்குலதான் வரணும், சொல்லிட்டேன்.”

“சரிங்க.”

குழுவில் சேர்ந்ததிலிருந்து கால் பிடிக்கவும் தண்ணீர் ஊற்றவும்தான் அவளை விட்டிருக்கிறார்கள். நெஞ்சில் கத்தியை வைத்தவள், எலும்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். நெஞ்சைப் பிளந்து விரித்துப் பிடிக்க ஒரு ஜோடிக் கை போதாது. கென் ஓர் அடி முன்னால் வந்தான். அதற்குள் குரோகி முழங்காலிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, விலா எலும்புகளை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்.

“நான் பிடிச்சிருக்கேன். உள்ள கையை விடு. இன்னும் இடது பக்கம். ம், அதான். அவசரப்படாத, மெதுவா அறு.”

முழங்கை வரை ரத்தமாகி, ஆவி பறக்க, அவள் இதயத்தை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். குரோகி விலாவை விடாமல் பிடித்தபடியே, ஆற்றோரத் தேவதாரு மரத்தடியில் இருந்த மலைத்தேவியின் கல்லைத் தாடையால் காட்டினார். கொட்டகையில் இருந்தவர்கள் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.