அங்கே இருந்ததற்காக ஐந்து பதக்கங்கள்

அப்பாவின் பதக்கங்களை நான் ஒழுங்காகப் பார்த்தது போன தை மாதத்தில்தான். அதுவரை அவை பீரோவின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தன. குடியரசு தினத்தன்று முன்னாள் ராணுவத்தினரை மேடையேற்றிச் சால்வை போர்த்தப் போகிறார்கள், பதக்கங்களை அணிந்து வர வேண்டும் என்று ஹவில்தார் அண்ணாச்சி வந்து சொன்னார். அப்பா இருந்த பட்டாளத்திலேயே நர்சிங் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பாளையங்கோட்டையில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்.

நான் அப்போது கட்டிலில் கிடந்தேன். கங்கைகொண்டான் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் பைக் வழுக்கி, வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் அசையக் கூடாது என்றுவிட்டார்கள். மாடியேற முடியாததால் கீழே அப்பாவின் அறையிலேயே எனக்கும் ஒரு கட்டில் போட்டாள் என் மனைவி. நாற்பத்தெட்டு வருடத்தில் அப்பாவும் நானும் சேர்ந்தாற்போல் ஆறு வாரம் ஒரே அறையில் இருந்தது அதுதான் முதல் முறை.

அண்ணாச்சி டப்பாவைத் திறந்து பதக்கங்களை என் போர்வை மேல் வரிசையாக வைத்தார். துணிப்பட்டைகள் நைந்து நிறம் போயிருந்தன. கடல் தாண்டி இலங்கைக்குப் போனதற்கு ஒன்று. பனிமலையில் இருந்ததற்கு ஒன்று. ஒன்பது வருடம் தாக்குப்பிடித்ததற்கு ஒன்று, இருபது வருடத்துக்கு இன்னொன்று. நாடு விடுதலை பெற்று ஐம்பது வருடம் ஆனபோது வேலையில் இருந்ததற்கு ஒன்று.

“வீரத்துக்குன்னு ஒண்ணும் இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“இல்ல வே. எல்லாம் அங்கன இருந்ததுக்குக் குடுத்ததுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. அங்கே இருந்தவர்தானே இங்கே இல்லாமல் போனவரும். எனக்கு டைபாய்டு வந்தபோதும், பிளஸ் டூவில் கணக்கில் நான் கோட்டை விட்டபோதும், அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதும் லீவு கிடைக்காத ஏதோ ஓர் ஊரில் அப்பா இருந்தார். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இந்த ஐந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா துப்பாக்கி பிடித்தவர் இல்லை. சைவ வீட்டில் பிறந்து, பதிகங்களை மனப்பாடமாகப் பாடி, சமஸ்கிருதத்தில் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலை கிடைக்காமல், ராணுவத்தில் மத ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டவர். சிப்பாய்களுக்கு அவர் பண்டிட்ஜி. பட்டாளத்துக் கோயிலில் பூஜை வைப்பது, பண்டிகை நடத்துவது, அடிபட்டுக் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, இறந்தவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்வது. இதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. லீவில் வந்தால் செய்தித்தாளை எழுத்து விடாமல் படிப்பார். சண்டையைப் பற்றிக் கேட்டால், “போனோம், வந்தோம்” என்பார். அத்தோடு சரி.

அம்மா இறந்தபோது சடங்குகளை ஒரு பிசகு இல்லாமல் செய்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்கும் வரவில்லை. “அப்பனும் மவனும் கல்லு மாதிரில்லா நிக்காவ” என்று மாமா, அம்மாவின் தம்பி, என் காதில் விழும்படியே சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இரண்டு வருடமாக அப்பாவுக்கு நினைவு கரைந்துகொண்டே வந்தது. முதலில் தெருக்களின் பெயர் போனது, பிறகு எங்கள் பெயர். என் மனைவியை நர்ஸ் என்று நினைத்து, அவள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தால் எழுந்து நின்று “நன்றி சிஸ்டர்” என்பார். என்னை யாரென்று நினைத்தார் என்பது மாவுக்கட்டு போட்ட பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் காலையில் தன் நாற்காலியை என் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒடிந்த காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வலிக்கா தம்பி?”

அவர் என்னை ஒரு நாளும் தம்பி என்றதில்லை. வீட்டில் நான் ‘ஏலே’தான்.

“கொஞ்சம் வலிக்கு.”

“உனக்கு எந்தச் சாமி?”

எனக்குப் புரியவில்லை. “நம்ம சாமிதாம்ப்பா” என்றேன். அவர் என் நெற்றியில் கையை வைத்து ஒரு பதிகத்தை முழுக்கப் பாடினார். குரல் நடுங்கினாலும் ஒரு சொல் தவறவில்லை. மறுநாள் காலை மறுபடியும் அதே நாற்காலி, அதே கேள்வி. அதற்கடுத்த நாளும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ எனக்கு அலுத்துப்போய், “நான் கிறிஸ்தவன்” என்றேன். சோதித்துப் பார்க்கலாம் என்கிற குறும்புதான். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிறிஸ்தவ ஜெபத்தை முதலிலிருந்து ஆமென் வரை தமிழில் சொன்னார். அந்த நேரம் பார்த்து என்னைப் பார்க்க மாமா பழப்பையோடு உள்ளே வந்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன இது, அத்தான் கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாவளா?”

பழத்தை வைத்துவிட்டு, “வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத” என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

பதக்கங்களுக்குப் புதுத் துணிப்பட்டை தைத்துக்கொண்டு வந்த அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“இலங்கையில இருந்து அடிபட்டவனுவளக் கப்பல்ல கொண்டாருவோம். பாதிரியாரு, மௌலவின்னு ஆளாளுக்கா கூட வருவாங்க? இவரு ஒருத்தர்தான். ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் உக்காந்து உனக்கு எந்தச் சாமின்னு கேப்பாரு. அவன் எதைச் சொல்லுதானோ அதுக்குள்ளதச் சொல்லுவாரு. தெரியாததை மத்தவங்ககிட்ட எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு. கரை வந்து சேருததுக்குள்ள சில பேரு போயிருவான். சாமி கேக்காம ஒருத்தனையும் அவரு அனுப்புனதில்ல.”

அப்பா எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி அவர் சட்டையில் பதக்கங்களைக் குத்திப் பார்த்தார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ பூச்சி உட்கார்ந்ததுபோல் தட்டிவிட்டார். விழாவுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது, அதுகூட மாவுக்கட்டுக்குள் இருக்கும் காலில் அரிப்பு எடுப்பதுபோல் எங்கோ உள்ளே. முன்பின் தெரியாதவன் கடைசி மூச்சு விடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர், என்னிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. மாவுக்கட்டைப் பிரித்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். அதற்குள் ஒரே ஒரு தடவை நான் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டால் போதும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. சொன்னால் வெட்கம் என்பதால் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

திருத்தாதீர்கள், அவர் போக்கிலேயே போங்கள் என்று அப்பாவைப் பார்க்கும் டாக்டர் சொல்லியிருந்தார். ஆறாவது வாரம் ஒரு காலையில் நான் அதை மீறினேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்குச் சாமி எல்லாம் வேண்டாம். என்னை நல்லாப் பாருங்க. நான் உங்க மகன். அப்பா, நான்தான்.”

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு என் கையின்மேல் தன் இன்னொரு கையையும் வைத்துப் பைய அழுத்தினார்.

“எல்லாப் பயலுவளும் கடைசில என்னைய அப்பான்னுதான் கூப்புடுதானுவ. நீயும் கூப்புட்டுக்கோ தம்பி. ஒண்ணும் தப்பில்ல.”

வெளியே காய்கறி வண்டிக்காரர் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனார். அப்பா மேஜையில் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, மடியில் வைத்துக்கொண்டார். பேனாவைக் கேட்டார். கொடுத்தேன்.

“வீட்டுக்கு எதுவும் எழுதணுமா?”

“எழுதணும்.”

“யாருக்கு?”

“எங்க அப்பாவுக்கு.”

“அவரு பேரு?”

சொன்னேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிஷியலோடு தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, பிழையில்லாமல் எழுதினார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

“ம், சொல்லு.”

என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. “கோவம் ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க” என்றேன். அது நிஜமா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. எழுதினார்.

“அவ்வளவுதானா?”

“லீவுல வரும்போது கொஞ்சம் பேசியிருக்கலாம்னு எழுதுங்க.”

அதையும் எழுதினார். இரண்டு வரியையும் வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“பயப்படாத தம்பி” என்றார். “தபால்ல போட மாட்டேன். நானே போயி அவரு கைல குடுத்துருதேன்.”