கேட்காமல் போட்ட மஞ்சள்

எண்பதுகளின் கடைசியில், அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு லோடு பிரித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒரு நாள் கலர் திரை வந்து இறங்கியது. அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை! அதுவரை கட்டளையைத் தட்டினால் லாரி ஓனர்களின் பெயர்கள் கறுப்புத் திரையில் ஒரே நிறத்தில் வரிசையாக ஓடும். அன்றைக்கே புரோகிராமை மாற்றி, அடுத்து லோடு ஏற்ற வேண்டியவர் பெயர் மட்டும் தானாகவே மஞ்சளில் வரும்படி செய்தேன். மங்கலமான நிறமாயிற்றே! மேனேஜர் முகத்தைச் சுளித்தார். யாராவது கலர் வேண்டும் என்று கேட்டால் காட்டலாம், கேட்காமல் எதற்கு என்றார். கலர் திரையை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளை எழுத்தையா பார்ப்பது என்று நானும் விடவில்லை.

அந்த வாரமே ஜெயங்கொண்டத்து லாரி ஓனர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவர் மகளுக்குப் பெரம்பலூரில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்த டிரைவர் ஒருவர், இவர் பெயர் கம்ப்யூட்டரில் மஞ்சளாக வந்துவிட்டது என்று பெரம்பலூரில் போய்ச் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் ஆள் திவால். அதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாம்! மாப்பிள்ளையின் அப்பா நிச்சயத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்.

"ஏம்மா, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

மேனேஜர் உடனே மஞ்சளை எடுக்கச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! இப்போது எடுத்தால் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடாதா? பெரம்பலூர்க்காரருக்கும் லாரி இருக்கிறது, அதுவும் இங்கேதான் லோடு ஏற்றுகிறது, அவரையே வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன்.

மறுநாள் பெரம்பலூர்க்காரர் வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெயங்கொண்டத்துக்காரர் வாசலோடு நின்றுவிட்டார். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, நான் தட்டத் தட்ட, மஞ்சள் ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு மாறிக்கொண்டே போனது. எல்லாம் நல்ல பசையுள்ள ஆட்கள். கடைசியில் பெரம்பலூர்க்காரர் பெயரே மஞ்சளில் பளிச்சென்று வந்து நின்றது.

"அப்ப நானும் திவாலா?" என்றார்.

ஆபீசே சிரித்தது. இனிமேல் கேட்டால்தான் கலர் என்று மேனேஜர் அவசரமாகச் சொன்னார். நானும் தலையாட்டி வைத்தேன், வேறு வழி? பெரம்பலூர்க்காரர் எங்கள் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. எழுந்து நேராக வாசலுக்குப் போனார்.

"சம்பந்தி, வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ளார வாங்க" என்றார்.