அம்மா டயாலிசிஸுக்குப் போகாத நாள்

பிள்ளைகளே, அன்றைக்கு அம்மா ஏன் டயாலிசிஸுக்குப் போகவில்லை என்று நீங்கள் என்னைக் கேட்டதே இல்லை. பெரியவள் மட்டும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவை இழுத்துக்கொண்டு போயிருக்கணும் என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மண்ணூர்பேட்டையில் கம்பெனி வாசலில் வண்டி சறுக்கி விழுந்து எனக்கு வலது மேல்கை எலும்பு முறிந்தது. பிளேட் வைக்கணும் என்றார்கள். எனக்கு வீசிங் இருப்பதால் முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரத்துப்போக வைக்கலாம் என்றார் மயக்க டாக்டர். ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே கழுத்தோரமாக ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ இறக்கி வைத்த மூட்டை மாதிரி கை பக்கத்தில் கிடந்தது. மறைத்த துணிக்கு அந்தப் பக்கம் டிரில் ஓடியது. எங்கள் மெஷின் ஷாப்பில் தினமும் கேட்கிற சத்தம்தான். வலி இல்லை.

வார்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டு. அம்மாவுக்கு இரண்டு மணிக்கு ஆவடியில் டயாலிசிஸ். என் முகத்தைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் வலது கண் இமை பாதி இறங்கியிருந்தது, குரலும் கம்மியிருந்தது. மருந்து பக்கத்து நரம்புக்கும் போயிருக்கும், மரப்பு விட்டால் சரியாகிவிடும் என்று நர்ஸ் எவ்வளவோ சொன்னார். அம்மா நம்பவில்லை. அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கண் இப்படித்தான் இறங்கியதாம்.

"கண்ணு இப்டி சொருவிகினு கீது, உன்னை வுட்டுட்டு எங்க போறது? நாளைக்குப் பண்ணிக்கலாம்."

இரண்டு நாள் இடைவெளிக்கு அப்புறம் வருகிற முறை அது. உடம்பில் நீர் தேங்கி மூச்சு முட்டிவிடும், அதை மட்டும் தவறவிடாதீங்க என்று ஆவடியில் உள்ள சிஸ்டர் என்னிடமே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் எனக்கு 'போ' என்று வாயில் வரவில்லை. பயமாக இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று இருந்தது.

என் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடிக்கடி கிள்ளி, தெரியுதா என்று கேட்டாள். தெரியவில்லை என்பேன். "நர்ஸம்மா வந்தா மட்டும் அந்த அரைக்கண்ணுக்கு நல்லாத் தெரியுது போல" என்றாள். நான் சிரித்தேன். சாயங்காலம் இமை கொஞ்சம் மேலே ஏறியதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினாள். வார்டு வாசலில் நின்று இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் வீட்டில் மூச்சு முட்டி, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். நீங்கள் போன் செய்தபோது என் கையில் மரப்பு முழுசாக விட்டு வலி கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அவள் பிடித்திருந்த கை. அவள் பிடித்தது எப்படி இருந்தது என்று அதற்கு ஒன்றும் தெரியாது.

பெரியவளே, நீ வந்து இழுத்திருந்தாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பாள்.