என் பெயரில் எடுக்காத டோக்கன்

லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. மருந்துக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். எழுதிய நிரல் எல்லாம் இணையதளம் ஒன்றில் இருக்கும். அதன் நகல் தினமும் எங்கள் சர்வருக்குத் தானாக வந்துவிடும். அந்தத் தளத்தில் நுழைந்து நகலெடுக்க ஒரு டோக்கன் வேண்டும், சாவி மாதிரி. அதை எங்கள் சீனியர் அண்ணன் தன் கணக்கில் எடுத்து வைத்திருந்தார்.

அண்ணனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வழியனுப்பும் விருந்தில் பிரியாணி ஆறுவதற்குள் முதலாளி அவருடைய கணக்கை மூடிவிட்டார். பாதுகாப்பில் அவ்வளவு அக்கறை. கணக்கோடு டோக்கனும் செத்தது. மறுநாள் நகல் வரவில்லை.

சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயர் எங்கே வந்தாலும் அம்மாவுக்குப் பெருமை, அம்மாவைவிட எனக்கு. அதனால் என் கணக்கிலேயே டோக்கன் எடுக்கத்தான் கை போனது. ஆனால் நாளைக்கு நான் போனாலும் இதே கூத்துதானே? மனசில்லாமல் முதலாளியிடம் போனேன்.

“சார், பேக்கப்புக்குன்னு தனியா ஒரு கணக்கு வேணும். என் பேர்ல வேணாம்.”

அவர் முகம் மாறிவிட்டது. “ஏம்மா, நீயும் சென்னைக்குக் கெளம்பிட்டியா?”

“இல்ல சார்.”

“பெங்களூரா?”

“எங்கயும் போவல சார். அண்ணன் பேர்ல இருந்ததாலதான இப்ப நின்னுபோச்சி?”

யார் நிறுத்தியது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. புதுக்கணக்கைத் திறந்தார். திரை நிறைய அனுமதிக் கட்டங்கள்.

“எல்லாத்துலயும் டிக் போட்டுர்றேன். சும்மா சும்மா வந்து நிக்க மாட்டல்ல.”

“வேணாம் சார். படிக்கற அனுமதி மட்டும் போதும். நகல்தான எடுக்கப் போறோம்? அழிக்கற அனுமதியும் இருந்து, டோக்கன் வேற எவன் கையிலயாவது மாட்டுனா எல்லாம் போச்சி.”

“குடுத்தாலும் வேணாங்கற. உன்ன நம்பவே முடியலம்மா.”

டோக்கன் ஒரு வருடத்தில் காலாவதியாகுமாம். அதற்கு முன் யாருக்கு மெயில் அனுப்புவது என்று தளம் கேட்டது.

“எனக்கு சார்,” என்றேன்.

“அப்ப ஒரு வருசத்துக்கு நீ இங்கதான்!” என்று அவரே என் முகவரியைத் தட்டினார்.

என் இடத்துக்கு வந்து புது டோக்கனைச் சர்வரில் போட்டேன். நகல்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கத் தொடங்கின. கடைசி நகல் வரும்வரை முதலாளி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார், விட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன் என்பதுபோல.