இல்லை என்று வந்து சொன்னவர்

எல்லோரும் அவரை 'தபால்' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்து ஓய்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பதினெட்டு வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்த மனுஷன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதுவரை அத்துப்படி. அந்தத் தைரியத்தில் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். டெபாசிட் காலி!

"நாய்க்கெல்லாம் ஓட்டு இல்லீங்க," என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

இரண்டாவது முறை ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் சும்மா இருந்தாரா? மற்ற உறுப்பினர்கள் மனுவை வாங்கி, "பாக்கலாம்" என்று சொல்லி உதவியாளர் பக்கம் தள்ளிவிடுவார்கள். இவரோ, அரசாங்கத்திடமிருந்து பதில் வந்ததும் பழைய காக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுப்பார். வந்த தபாலைச் சேர்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நல்ல பதில் என்றால் சரி, 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தாலும் அதே நடைதான்.

சாயப்பட்டறைத் தெருவில் அறுபத்திரண்டு வீட்டுக்காரர்கள் பட்டா கேட்டிருந்தார்கள். யாருக்கும் கிடையாது என்று பதில் வந்தது. கட்சிச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், கெட்ட சேதியை எவனாவது கையோட எடுத்துக்கிட்டுப் போவானா? தேர்தல் முடியட்டும், கிடப்புல போடு."

கேட்டால்தானே? அறுபத்திரண்டு கதவையும் தட்டி, அறுபத்திரண்டு வாசலிலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசி வீட்டுக்காரி, சாயத் தொட்டியில் வேலை செய்கிறவள், படாரென்று அவர் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். அடுத்த தேர்தலில் ஒரு லாரி முதலாளி இவரை மண்ணைக் கவ்வ வைத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் என்று ஊரே சிரித்தது.

ஐந்து வருடம் கழித்து அதே முதலாளியோடு மறுபடி மோதினார். "இந்தத் தடவை கவுந்தா இனி சீட்டே கேக்காதே," என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இது வாழ்வா சாவா போட்டி என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

ஓட்டு எண்ணியது ஒரு கல்லூரிக் கூடத்தில். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மேசை மேசையாக ஓட்டுச் சீட்டுகள், இந்தப் பக்கம் ஏஜெண்டுகளின் தள்ளுமுள்ளு. முதல் சுற்றில் முந்நூறு பின்தங்கினார். மூன்றாவது சுற்றில் எழுபது முன்னிலை! செயலாளர் துண்டைச் சுழற்றினார். அடுத்த சுற்றிலேயே துண்டு தோளுக்கு வந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு நூற்று நாற்பது ஓட்டு குறைவு. மிச்சம் ஒரே ஒரு பெட்டி.

"எந்தப் பெட்டி?" என்று கேட்டார்.

"சாயப்பட்டறைத் தெரு," என்றார் செயலாளர். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். லாரி முதலாளியின் ஆட்கள் வெளியே பட்டாசுக்குத் திரி கிள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

இவர் மட்டும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டைப் பிரித்து அடுக்கினார்கள். ஓர் அடுக்கு ஏறிக்கொண்டே போனது, இன்னொன்று ஏறவே இல்லை. எது யாருடையது என்று அங்கிருந்து தெரியவில்லை. அதிகாரி மைக்கை இரண்டு தட்டு தட்டினார். முதலாளிக்கு அறுபத்தொன்று. தபாலுக்கு இருநூற்றுப் பதினாலு!

பதிமூன்று ஓட்டில் ஜெயித்துவிட்டார். செயலாளர் கணக்கை மூன்று தடவை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கீழே இறக்கிவிட்டபோது ஒரு செருப்பைக் காணோம்.

வெளியே வந்ததும் கூட்டத்தை முண்டிக்கொண்டு அந்தக் கடைசி வீட்டுக்காரி முன்னால் வந்தாள். முழங்கை வரை நீலச் சாயம். கையில் புதிதாக எழுதிய பட்டா மனு.

"ஏம்மா, அன்னிக்கு மூஞ்சிலயே கதவைச் சாத்தினியே?"

"கோவம் வராதா? ஆனா அந்த லாரிக்காரர் அஞ்சு வருஷமா 'பாக்கலாம், பாக்கலாம்'னே சொன்னாருங்க. ஆகுமா ஆகாதான்னு தெரியாமலே கெடந்தோம். இந்தாங்க, மறுபடி எழுதியிருக்கேன்."

அவர் மனுவை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடவையும் இல்லைன்னு வந்தா?"

"வந்து சொல்லுங்க," என்றாள் அவள். "மறுபடியும் கதவைச் சாத்துவேன். ஓட்டு உங்களுக்குத்தான்."